வாடையும் வாடகையும்

குளிரைப் பற்றி எழுத யாழ்ப்பாணத்தானுக்கு என்ன தகுதி உண்டு என்று வாசகர் கேட்டல் கூடும். கேள்வி நியாயமானதே. மார்கழி விடியலில் திருவெம்பாவைக்குப் போகும்போது தலையில் ஒரு துவாய், தோளில் ஒரு சால்வை. எங்கள் குளிர் அவ்வளவில் முடிந்துவிடும். நுவரெலியாவில் இரண்டாண்டு படிப்பித்த காலத்தில் விடுதியின் கணப்படுப்பருகே குந்தியிருந்ததைப் பெரியதோர் அனுபவமாகப் பலகாலம் பேசித் திரிந்தவன் நான். அந்தப் பெருமையெல்லாம் 2022 ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில், கிழக்கு இலண்டனில் ஒரு வாடகை வீட்டில், ஒரே கிழமையில் கரைந்து போயிற்று. கரைந்தது என்பதும் பிழை, உறைந்து போயிற்று.

மகளின் முதற் பிள்ளைப்பேற்றுக்குத் துணையாக அவ்வாண்டு ஒக்ரோபரில் அங்கே போயிருந்தேன். அவளுடைய தாய் இல்லாத குறையை ஒரு கிழவனால் நிரப்ப முடியாது. ஆயினும் பிள்ளையை ஏந்தவும் கஞ்சி காய்ச்சவும் ஓர் ஆள் வேண்டுமல்லவா? மருமகனுக்கு ஒரு பண்டகசாலையில் இரவு வேலை. வீடு, விக்ரோறியா மகாராணி காலத்துச் செங்கல் வீடு. ஒன்றோடொன்று தோள் ஒட்டி நிற்கும் நீண்ட வரிசையில் ஒன்று. ஒவ்வோர் அறையிலும் சுவரோரமாகப் பழைய அடுப்புக்குழி ஒன்றிருந்தது. பலகை வைத்து அடைத்து வெள்ளை பூசியிருந்தார்கள். ஒரு காலத்தில் அந்நகரத்து வீடுகளில் எரிந்தது நிலக்கரி. அந்தப் புகையும் மூடுபனியும் சேர்ந்து 1952 டிசெம்பர் 5 முதல் 9 வரை ஊரை மூடியதில் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். அதன் பின்னரே 1956 இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. 1965 இல் வடகடலடியில் வாயு கண்டுபிடிக்கப்பட்டபின் நிலக்கரி படிப்படியாக விலகி, வாயுவால் நீரைச் சுடவைத்து வீடெங்கும் ஓட்டும் முறை பரவிற்று. அடுப்புக்குழிகள் அடைபட்டன. ஆகவே இன்று அந்த இயந்திரம் நின்றுவிட்டால், மூட்டுவதற்கு வேறு நெருப்பு வீட்டில் இல்லை.

அவ்வியந்திரத்தைப் பொயிலர் என்பர். எங்கள் வீட்டில் அது அடுக்களை அலுமாரியொன்றினுள் வெள்ளைப் பெட்டியாகத் தொங்கியது. அதனுள் வாயு எரியும், நீர் சுடும், சுட்ட நீரை ஒரு பம்பி குழாய்களினூடாகத் தள்ளும், அறைதோறும் சுவரில் நிற்கும் ரேடியேற்றர் என்ற இரும்புத் தகடுகளுக்குள் அந்நீர் சுற்றி வந்து வெப்பத்தை விட்டுத் திரும்பும். எங்கள் உடலில் குருதி சுற்றுவது போலத்தான். குருதிக்கு அமுக்கம் இருப்பதுபோல இதற்கும் உண்டு. பெட்டியின் அடியில் ஓர் அமுக்கமானி. குளிர்ந்திருக்கும்போது அதன் முள் ஒன்றுக்கும் ஒன்றரைக்கும் இடையில் நிற்க வேண்டும். எங்கள் முள் நிற்பதில்லை. இரவு ஒன்றரையில் இருந்தது விடியப் பார்த்தால் அரைக்கும் கீழே கிடக்கும். அமுக்கம் குறைந்தால் பொயிலர் தன்னைத் தானே பூட்டிக்கொள்ளும்.

மருமகன் அதற்கு ஒரு வைத்தியம் பழகியிருந்தார். வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றுமுன் பெட்டியின் கீழே குனிந்து, வெள்ளி நிறப் பின்னற் குழாயொன்றின் இரு திருகுகளையும் திறந்து, முள் ஒன்றரைக்கு ஏறும்வரை புதுநீரை உள்ளே விட்டு மூடுவார். கிணற்றடி மல்லிகைக்குத் தண்ணீர் விடுவதுபோல நாள்தோறும் நடக்கும் கருமம். இரண்டு ஆண்டுகளாக அப்படித்தானாம். நானும் வந்து ஒரு கிழமையில் அதைப் பழகிக்கொண்டேன். முப்பத்திரண்டு ஆண்டுகள் விஞ்ஞானம் படிப்பித்தவன், நாள்தோறும் ஊற்றும் நீர் எங்கே போகிறது என்று ஒருநாளாவது கேட்டேனா? கேட்கவில்லை. பழக்கம் கேள்வியை விழுங்கிவிடும் என்று மாணவருக்குச் சொன்ன வாய் இது.

வீட்டுக்காரர் எங்கள் ஊர்ப் பக்கத்தவர். பெயர் வேண்டாம். ரெலிபோனில் சொல்வோம்.

“ஓம் மாஸ்ரர், நாளைக்கு ஆள் அனுப்பிறன்” என்பார். குரலில் வஞ்சகம் இராது. நாளை வரும், ஆள் வராது. மூன்றாந் தடவைக்குப் பின்னர், “அதிலை ரெண்டு திருகு இருக்கு, திறந்து தண்ணி விட்டால் சரி” என்று எங்களுக்கே பாடம் நடத்தினார்.

“ஒரு கடிதம் எழுதுவம்” என்றேன் மகளிடம்.

“வேண்டாமப்பா. ஒருத்தரும் வீடு தராத நேரத்திலை தந்தவர்.”

அது மெய். அந்நாட்டில் வீடு தேடும் புதியவனிடம் முன்னைய வீட்டுக்காரரின் சான்று கேட்பர், சம்பளப் பத்திரம் கேட்பர், பிணையாளி கேட்பர், இவையில்லையேல் ஆறுமாத வாடகையை முற்பணமாக வை என்று அந்நாளில் சொன்னார்கள். 2014 ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்தின் பின்னர், குடியிருக்க வருபவனின் விசாப் பத்திரத்தைப் பரிசோதிப்பதும் வீட்டுக்காரனின் கடமையாயிற்று. ஒரு மாத வாடகையோடு, “எங்கடை பிள்ளையள்தானே” என்ற ஒரே பிணையில் திறப்பைக் கையில் கொடுத்தவர் இவர். அந்த வார்த்தைக்கு அவர்கள் இரண்டாண்டாக வட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள் என்பது எனக்கு மெல்லத்தான் விளங்கிற்று. நன்றி ஒருபுறமிருக்க, அச்சமும் இருந்தது. அந்நாளில் இங்கிலாந்தில் வீட்டுக்காரர் காரணம் எதுவும் கூறாமல் இரண்டு மாத அறிவித்தல் கொடுத்து எழும்பச் சொல்லலாம். 2025 இல் நிறைவேறிய சட்டமே அம்முறையை 2026 மே 1 ஆந் திகதியோடு ஒழிக்க வகைசெய்தது. எங்கள் கதை அதற்கு முந்தியது.

நவம்பர்க் கடைசியில் பேத்தி பிறந்தாள். டிசெம்பர் 7 ஆந் திகதியளவில் வடக்கிலிருந்து கடுங்குளிர் இறங்கிற்று. 11 ஆந் திகதி ஞாயிறு இரவு இலண்டனில் பனி கொட்டியது. சன்னலினூடாகப் பார்க்க அழகாகவே இருந்தது. நானும் மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஒரு மணித்தியாலத்தின் பின் பொயிலர் வயிற்றுக்கோளாறு கொண்டவனைப்போலக் களகளவென்று இரைந்துவிட்டு நின்றது. மருமகன் வேலைத்தலத்திலிருந்து ரெலிபோனில் வழி சொன்னார். 2005 முதல் அந்நாட்டில் வைக்கப்படும் பொயிலர்கள் புகையிலுள்ள நீராவியையும் ஒடுக்கி அதன் வெப்பத்தைப் பயன்கொள்பவை. அவ்வாறு ஒடுங்கிய நீர் ஒரு வெள்ளைப் பிளாத்திக்குக் குழாயால் வெளியே வடியும். வெளியே அது உறைந்தால் குழாய் அடைபட்டு இயந்திரம் நிற்கும். கேத்தலில் வெந்நீர் எடுத்துப் போய் ஊற்றுமாறு சொன்னார். கொதிநீர் கூடாது, குழாய் வெடிக்கும். இளஞ்சூட்டு நீரோடு, சாரத்துக்கு மேலே காற்சட்டையும் அதற்கு மேலே மருமகனின் பெருஞ்சட்டையும் அணிந்து, பின்வளவில் பனிக்குள் நின்று அந்தக் குழாய்க்கு நான் அபிடேகம் செய்ததை அயல்வீட்டு மாடியிலிருந்து ஒரு சிறுவன் பார்த்துக்கொண்டிருந்தான்.

இயந்திரம் மூச்சு விட்டது. இரண்டு மணித்தியாலம் ஓடிற்று. பின் முள் விழுந்து மீண்டும் பூட்டிக்கொண்டது. நீர் விட்டேன், ஓடிற்று, நின்றது. விடியற்காலை நான்கு மணிக்கு முள் ஏறவே மறுத்தது. ஊற்றிய நீர் உடனேயே எங்கோ போய்க்கொண்டிருந்தது. குழந்தை படுத்த அறையில் வெப்பமானி பதினொரு பாகை காட்டியது.

இனிச் சொல்வதை எழுதாமல் விட்டுவிடலாம். ஆயினும் ஆசிரியர்கள் படிக்கும் பக்கம் இது. அடுக்களையில் வாயு அடுப்பு இருந்தது. நான்கு வாயையும் மூட்டி, கதவைச் சாத்தி, கதவிடுக்கில் துவாயைத் திணித்து, குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து அதன் முன்னே கதிரையில் அமர்ந்தேன். இதமாக இருந்தது. தூக்கம் வந்தது. காற்றோட்டமற்ற இடத்தில் எரிபொருள் முற்றாக எரியாதபோது காபனோரொட்சைட்டு உண்டாகும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. குருதியின் ஈமோகுளோபின் ஒட்சிசனை விட்டுவிட்டு அதனையே இறுகப் பற்றும். தூக்கம் போலவே மரணம் வரும். பதினோராம் வகுப்புக்கு ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிய பாடம்! எழுதிய கையே அடுப்பை மூட்டியது. தேநீர் வைக்க வந்த மகள் கதவைத் தள்ளித் திறந்தவள் போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. “அப்பா, உங்களுக்கென்ன விசரே?” என்று என்னை அவள் கேட்டது அதுவே முதல் தடவை. நான் பதில் சொல்லவில்லை. அடுப்பை அணைத்தாள், சன்னலைத் திறந்தாள், இருந்த சூடும் போயிற்று.

அன்று பகல் ஒரு சிறிய மின்கணப்பு வாங்கி வந்தோம். அவ்வாண்டு ஐரோப்பாவெங்கும் வாயு விலையும் மின்சார விலையும் ஏறிக் கிடந்தன. அரசாங்கமே தலையிட்டு, சாதாரண வீடொன்றின் ஆண்டுச் செலவு 2500 பவுண் அளவில் நிற்கும்படி விலைக்கு வரம்பிட்டிருந்தது. மின்கணப்பை அணைப்பதா விடுவதா என்று மீற்றரைப் பார்த்துப் பார்த்து, எல்லோரும் ஓரறையிலேயே கூடியிருந்தோம்.

அந்த அறையில் எனக்கு நெடுநல்வாடை நினைவுக்கு வந்தது. கூதிர்க்காலத்துக் குளிரை நக்கீரர் சொல்லும் அழகைப் பாடசாலை நாட்களில் மழை கேட்டபடி படித்து மகிழ்ந்தவர்கள் நாங்கள். மழையில் நனைந்த ஆயர் நெருப்பிலே கைகாட்டிக் கன்னத்தில் ஒற்றுகிறார்கள். புறாக்கள் இரை தேடப் போகாமல் ஒடுங்கியிருக்கின்றன. விசிறிகள் தொங்கிய இடத்திலே சிலந்தி நூல் கட்டுகின்றது. மாடத்துச் சன்னல்கள் அடைபட, அகன்ற வாயையுடைய ‘தடவு’ என்னும் நெருப்புச்சட்டியைச் சுற்றி மக்கள் இருக்கிறார்கள். ரேடியேற்றருக்குத் தமிழ் தேடுவோர் அந்தச் சொல்லை ஏன் எடுத்துக்கொள்ளவில்லை என்று யோசித்துக்கொண்டிருந்தேன். குழந்தையின் மூக்கு நுனியைத் தொட்டுப் பார்த்தபோது அந்த யோசனை அறுந்தது. குளிர் இலக்கியமாக இருப்பதற்குப் பக்கத்தில் ஒரு தடவு எரிய வேண்டும்.

செவ்வாய் காலை, பின்வளவுப் பனியை விலக்கப் போனேன். வெளிச்சத்தில்தான் கண்டேன். வெள்ளைக் குழாய்க்கு ஒரு முழம் தள்ளி, சுவரிலிருந்து ஒரு சிறு செப்புக் குழாய் வளைந்து இறங்கியது. அதன் வாயிலிருந்து நிலம்வரை கண்ணாடித் தூண்போல ஒரு பனிக்கட்டி. ஒழுகிய நீர் துளித்துளியாக உறைந்து வளர்ந்திருக்கிறது! மழைக்காலத்து ஈரச்சுவரில் எவர் கண்ணிலும் படாத ஒழுக்கை, குளிர் கல்லாக்கிக் காட்டிவிட்டது.

நீர் சுட்டால் விரியும். நூறு லீற்றர் நீரைப் பத்துப் பாகையிலிருந்து எழுபது பாகைக்குச் சூடாக்கினால் ஏறத்தாழ இரண்டு லீற்றர் மிகும். மூடிய குழாய்த் தொகுதியில் அந்த இரண்டு லீற்றர் எங்கே போவது? அதற்காகவே ஒரு பாத்திரம் வைத்து, நடுவே இறப்பர்ச் சவ்வு கட்டி, மறுபுறம் காற்றை அடைத்திருப்பார்கள்; நீர் விரியும்போது காற்றுச் சுருங்கி இடம் கொடுக்கும். அந்தக் காற்றுப் போய்விட்டால் இடமில்லை. முள் மூன்றுக்கு ஏறும்; காவல் வால்வு திறந்து மிகுநீரைச் செப்புக் குழாயால் வெளியே தள்ளும்; ஆறியதும் உள்ளே நீர் போதாது; முள் விழும். திரும்பத் திரும்பத் திறந்த வால்வு ஒருநாள் மூட மறந்துவிடும். எல்லாம் ஒன்பதாம் வகுப்பு விரிகைப் பாடம். அடுக்களையில் நின்று பொயிலரைப் பார்த்துச் சிரித்தேன், நல்ல சிரிப்பல்ல.

அன்று பின்னேரம் பிறந்த குழந்தைகளை வீடுவீடாகப் போய்ப் பார்க்கும் தாதி ஒருத்தி வந்தாள். தன் மேற்சட்டையைக் கழற்றப் போனவள் கழற்றாமல் நின்றாள். வெப்பமானியைப் பார்த்தாள். குழந்தை தூங்கும் அறை பதினாறிலிருந்து இருபது பாகைக்குள் இருக்க வேண்டும் என்றாள். வீட்டுக்காரருக்கு அறிவித்தீர்களா என்று கேட்டாள். அறிவித்தோம் என்றோம். எழுத்திலா என்றாள். மகள் என்னைப் பார்த்தாள்.

அந்த ஒரு கேள்வியின் பெறுமதி பின்னர் சட்டத்தைத் தேடிப் படித்தபோது புரிந்தது. 1985 ஆம் ஆண்டு வீட்டுக்காரர் குடியிருப்போர் சட்டத்தின் 11 ஆம் பிரிவு, வீட்டைச் சூடாக்கும் கருவியையும் வெந்நீர்க் கருவியையும் பழுதின்றி வைத்திருப்பது வீட்டுக்காரரின் பொறுப்பு என்கின்றது. ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதி அதிலிருந்து அவர் தப்ப முடியாது. 2018 ஆம் ஆண்டுச் சட்டம் வாடகை வீடு மனிதர் வாழத் தக்கதாய் இருக்க வேண்டும் என்கின்றது. நகரசபை அதிகாரி வீடுகளைச் சோதிக்கும் இருபத்தொன்பது அபாயங்களில் மிகுகுளிரும் ஒன்று. வாயுக் கருவிகளை ஆண்டுக்கொருமுறை பதிவுபெற்ற தொழில்வல்லாரைக் கொண்டு சோதித்துச் சான்றிதழைக் குடியிருப்பவருக்குக் கொடுக்க வேண்டும். இவையெல்லாம் இருந்தன. ஆயின் முறைப்பாடு செய்தவரைப் பழிவாங்க எழுப்பிவிடக் கூடாது என்று 2015 இல் வந்த பாதுகாப்பு, வீட்டுக்காரருக்கு எழுத்தில் முறையிட்டவர்க்கே உரியதாயிருந்தது. நகரசபை அதன்மேல் திருத்தக் கட்டளை பிறப்பித்தால் ஆறு மாதத்துக்கு அந்தக் காரணமில்லா அறிவித்தல் அந்நாளில் செல்லாதிருந்தது. ரெலிபோனில் கெஞ்சியவர்க்கு ஒன்றுமில்லை. எங்களவர் எல்லோரும் ரெலிபோனில் கெஞ்சுகிறவர்கள்.

மகள் இரவு முழுதும் இணங்கவில்லை. “அவர் நோட்டீஸ் தந்தால் இந்தக் கைக்குழந்தையோடை எங்கையப்பா போறது?” என்றாள். விடிய மூன்று மணிக்குக் குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டு, அவளாகவே, “எழுதுங்கோ, ஆனால் மரியாதையாய் எழுதுங்கோ” என்றாள். எழுதினேன். திகதி, முள்ளின் அளவு, அறையின் பாகை, செப்புக் குழாயின் பனிக்கட்டி, பதினொரு நாட்களுக்குரிய குறிப்பு. சட்டத்தின் பெயர் ஒரே ஒரு வரியில். சான்றிதழின் பிரதியொன்றும் கேட்டேன். ஆய்வுகூடப் பதிவேடு திருத்திய பழக்கம் கைகொடுத்தது.

வியாழன் மாலை அவர் வந்தார். அறுபது வயது இருக்கும். முகம் கறுத்திருந்தது.

“மாஸ்ரர், நீங்களுமோ எனக்குச் சட்டம் காட்டிறது?”

“இருங்கோ தம்பி. ரெலிபோனிலை சொன்னது போதேல்லை. அதுதான் எழுதினது.”

அமர்ந்தார். கையுறையைக் கழற்றவில்லை. தான் வந்த கதையைச் சொன்னார்: 1986, ஓரறையில் ஆறு பேர், ஐம்பது பென்ஸ் நாணயம் போட்டால் எரியும் மீற்றர், நாணயம் இல்லாத இரவுகளில் மேற்சட்டையோடு, சப்பாத்தோடு படுக்கை. “ஒருத்தரிட்டையும் ஒரு சொல்லுச் சொல்லேல்லை மாஸ்ரர். கிடந்தம்.” இப்போது வீட்டுக் கடனின் வட்டி ஏறிவிட்டது என்றார். அதுவும் பொய்யன்று, அவ்வாண்டு செப்ரெம்பருக்குப் பின் வட்டி பாய்ந்தேறியதை எல்லோரும் அறிவர். அவர் பேசப் பேச ஒவ்வொரு சொல்லோடும் வாயிலிருந்து வெண்ணிறமாக ஆவி வந்தது. தன் வீட்டுக்குள், தன் மூச்சை அவரே கண்டார் என்று நினைக்கிறேன். பேச்சு நடுவில் நின்றது. மகள் தேநீர் கொண்டுவந்து வைத்தாள். குழந்தை இரண்டு கம்பளிக்குள் முகம் மட்டும் தெரியக் கிடந்தது. அவர் எழுந்து போய்ப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார்; தேநீர் அப்படியே இருந்தது.

வெள்ளி காலை எட்டு மணிக்குத் தொழிலாளர் வந்தார், போலந்துக்காரர். பெட்டியைத் திறந்து, உள்ளே இருந்த சிவப்புப் பாத்திரத்தின் காற்று வால்வை விரலால் அமுக்கினார். சைக்கிள் ரியூப்பின் வால்வு போன்றதுதான். காற்று வரவேண்டிய இடத்தில் நீர் பீச்சியது. சவ்வு கிழிந்துவிட்டது என்றார். என் ஊகம் சரியென்றதில் அந்த நேரத்திலும் எனக்கொரு சிறு சந்தோஷம். பாத்திரத்தையும் காவல் வால்வையும் மாற்றினார். பின் ரேடியேற்றர் ஒன்றைக் கழற்றி வளவில் கவிழ்த்தார். மைபோலக் கரிய சேறு பனியின்மேல் ஓடிற்று. இதென்ன என்று கேட்டேன். நாள்தோறும் புதுநீர் விட்டீர்களா என்று திருப்பிக் கேட்டார். புதுநீரோடு புது ஒட்சிசன் போகிறது, இரும்பைத் தின்கிறது, தின்ற இரும்பு சேறாகி அடியில் படிகிறது. ரேடியேற்றர்களின் கீழ்ப்பாதி எப்போதும் குளிர்ந்தே கிடந்ததற்கு அதுவே காரணமாம். இரண்டாண்டு வைத்தியம் நோயை வளர்த்திருக்கிறது. அன்று மத்தியானமே வீடு சூடேறிற்று. பேத்தியின் கம்பளி ஒன்றைக் கழற்றினோம். ஞாயிறு வந்தபோது வெளியேயும் குளிர் தணிந்து, பனியெல்லாம் கரைந்து ஓடிற்று.

சான்றிதழ் மூன்று நாளின் பின் தபாலில் வந்தது. அந்த வெள்ளிக்கிழமைத் திகதியே அதில் இருந்தது. அதற்கு முந்திய ஆண்டுகளின் சான்றிதழ்களை நாங்கள் கேட்கவில்லை.

தைப்பொங்கலன்று கோயிலில் அவரைக் கண்டேன். கும்பிட்டேன். கும்பிட்டார், ஆனால் நிற்கவில்லை. மகள் அன்றிரவு அதை நினைத்து அழுதாள். நாங்கள் செய்தது சரிதான் என்று அவளுக்குச் சொன்னேன். எனக்குள்ளும் ஒருமுறை சொல்லிக்கொண்டேன்.

மார்ச் மாதம் நான் புறப்படுவதற்கு இரண்டு நாள் முன் ரெலிபோன் வந்தது. அவரேதான். சுகம் விசாரித்தார், பயணம் எப்போது என்றார், சிறிது நேரம் பேசாமல் இருந்தார்.

“மாஸ்ரர், மற்ற வீட்டிலையும் முள்ளு விழுகுதெண்டு பிள்ளையள் சொல்லுதுகள். அந்தச் சிவப்புப் பாத்திரத்துக்கு என்ன பேர் சொன்னனீங்கள்?”

சொன்னேன். எழுதிக்கொள்ளட்டும் என்று இரண்டு தரம் சொன்னேன். அந்த மற்ற வீட்டில் எத்தனை பிள்ளைகள் என்று கேட்க நினைத்தேன். அதற்குள் அவர் வைத்துவிட்டார். அடுத்த ஆண்டு மகளுடைய வாடகையைக் கூட்டினார். வட்டிக்காகவா, கடிதத்துக்காகவா என்று அவள் கேட்டு எழுதியிருந்தாள். எனக்குத் தெரியாது என்று பதில் எழுதினேன். முள் எங்கே நிற்கிறது என்றும் கேட்டேன். ஒன்றரையில் நிற்கிறதாம்.